படத்துக்கு ஒரு பொட்டு

அரசாங்கக் கட்டடம் ஒன்று எழும்புவதற்கு முன்னால் அதன் வரைபடம் எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எப்படியோ கட்டி முடிகிறதே என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பேனா இருக்கிறது. பேனா வைத்திருப்பவர் படத்தைப் பார்த்து ஒரு குறையாவது எழுத வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை என்று அடுத்த மேசைக்காரர் நினைத்துக்கொள்வார். அதனால் குறையே இல்லாத படத்திலும் குறை முளைக்கும். ஒழுங்கான இடத்தில் இருக்கும் மாடிப்படியைத் தூக்கி மூலையில் வைக்கச் சொல்வார்கள். ஜன்னலை வடக்கே மாற்றச் சொல்வார்கள். மாற்றிக்கொண்டு போனால் தெற்கே ஏன் ஜன்னல் இல்லை என்று கேட்பார்கள்.

இந்த அக்கப்போரிலிருந்து தப்பிக்க, திண்டுக்கல்லில் தமிழ்மதி வேலை பார்த்த கட்டடப் பிரிவு ஆபீசின் வரைபட செக்ஷனில் ஒரு பழக்கம் இருந்தது. படம் வரைந்து முடித்ததும் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சின்னத் தப்பை வேண்டுமென்றே வைத்துவிடுவது. மேலே இருப்பவர் அதைப் பார்ப்பார். சிவப்பு மையில் வட்டம் போட்டு 'திருத்துக' என்று எழுதுவார். வேலை பார்த்துவிட்டோம் என்ற திருப்தியில் மற்ற எதையும் நோண்டாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். படம் திரும்பி வந்ததும் அந்தத் தப்பைத் திருத்திக்கொண்டால் தீர்ந்தது. இதற்கு செக்ஷனில் பொட்டு என்று பேர். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டைத்தான் சொல்கிறார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. "பொட்டு வச்சாச்சா?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள், "வச்சாச்சு" என்று பதில் வரும், படம் மேலே போகும்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொட்டு உண்டு. மூத்த வரைவாளர் ஆண்டனிராஜ் படத்தில் வடக்குத் திசைக் குறியைத் தலைகீழாகப் போடுவார். தமிழ்மதியின் பொட்டு கழிவறைக் கதவு. ஆஸ்பத்திரியில் கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். உள்ளே போன நோயாளி மயங்கிக் கதவுக்குப் பின்னால் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை யாராலும் தள்ளித் திறக்க முடியாது. விழுந்த உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். இது கட்டட வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். அதனால் தமிழ்மதி கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்து வைப்பாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று படத்தில் காட்டுவது நகக்கண் அளவு ஒரு கால்வட்டக் கோடுதான். ஒரு தடவைகூட அது தப்பிப் போனதில்லை. எந்த மேசையிலாவது சிவப்பு மை அதன் மேல் விழுந்துவிடும்.

வேலங்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாகப் பிரசவ வார்டு கட்ட உத்தரவு வந்தபோது, அந்தப் படத்தைத் தமிழ்மதி கேட்டு வாங்கிக்கொண்டாள். செம்பட்டிக்கு அந்தப் பக்கம், மல்லிகைத் தோட்டமும் வெங்காயக் காடும் சூழ்ந்த ஊர் வேலங்குளம். தமிழ்மதியின் அம்மா மாயம்மாள் பக்கத்து ஊரில்தான் இருந்தாள். பிறந்த ஊர்ப் பக்கத்துக்குச் செய்கிற வேலை என்றால் சும்மாவா. நாகல் நகரில் குடியிருந்த தமிழ்மதி, ஷேர் ஆட்டோவில் ஆபீசுக்குப் போகும்போதுகூட அந்தப் படத்தையே யோசித்தாள். துணைக்கு வருகிற பெண்கள் வெயிலில் நிற்காமல் உட்கார ஒரு நீள வராந்தா வைத்தாள். படுத்திருப்பவள் முகம் நர்சின் மேசைக்கு நேராகத் தெரிகிற மாதிரி கட்டில்களைத் திருப்பிப் போட்டாள். பிள்ளைத் துணி அலச ஒரு கல், காயப்போட ஒரு முற்றம், சாயங்காலக் காற்று வருகிற பக்கம் ஜன்னல். இவ்வளவு ஆசையாக வரைந்ததில் எவனும் கை வைத்துவிடக் கூடாதே என்றுதான், கடைசியில் கழிவறைக் கதவை உள்பக்கம் திருப்பி வைத்தாள்.

வழக்கமாக அந்தப் படம் மேசை மேசையாகப் போயிருக்க வேண்டும். அந்த வருஷம் போகவில்லை. நிதியாண்டு முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். ஃபைலைச் சுற்றில் விடாமல் எல்லா அதிகாரிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே கூட்டத்தில் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நீள மேசை, தட்டில் பிஸ்கட், சுவரில் திரை. லேப்டாப்பில் படத்தை நகர்த்திக் காட்டுகிற வேலை தமிழ்மதிக்கு.

திரையில் படம் விழுந்தது. அத்தனை பெரிய கட்டடம் அத்தனை சின்னத் திரையில் தெரிந்தால் கழிவறைக் கதவின் கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? வராந்தாவைப் பார்த்தார்கள். கட்டில்களைப் பார்த்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த டாக்டர் அம்மா, நர்ஸ் மேசை இருக்கிற இடத்தைக் காட்டி, "இதைத்தான் நாங்க எல்லா ஊர்லயும் கேக்குறோம், யாரும் செய்றதில்ல" என்றார். மேற்பார்வைப் பொறியாளர், ஒரு படத்தையும் சும்மா விடாதவர் என்று பேர் வாங்கியவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்" என்று எழுந்தாள் தமிழ்மதி.

"என் சர்வீஸ்ல ரிமார்க் இல்லாம ஒரு படத்தப் பாஸ் பண்றது இதுதாம்மா மொத தடவ. உக்காரு."

அறையில் இருந்த எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஆண்டனிராஜ் புருவத்தை உயர்த்தினார். பொட்டு என்ன ஆச்சு என்பது அந்தப் புருவத்துக்கு அர்த்தம். அந்த நேரத்தில் வாயைத் திறந்து, 'சார், கழிவறைக் கதவு மட்டும் திருத்தணும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் முன்னால், அத்தனை பெரிய பாராட்டுக்கு அடுத்த நிமிஷமே, என் படத்தில் தப்பு இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பதினாறு வயசுப் பிள்ளை மாதிரி அவளுக்கு முகம் சிவந்திருந்தது. அப்புறம் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். கையெழுத்துகள் வரிசையாக விழுந்தன. முத்திரையும் விழுந்தது.

மறுநாளே தமிழ்மதி ஆண்டனிராஜிடம் போய் நின்றாள்.

"அண்ணே, கதவு அப்படியே போயிருச்சு. சைட்டுக்குக் குடுக்குற படத்துல மாத்திரட்டுமா?"

ஆண்டனிராஜ் பேனாவை மூடி வைத்தார். "முத்திர விழுந்த படத்துக்கும் சைட்டுப் படத்துக்கும் ஒரு கோடு மாறுனாலும் ஆடிட்ல தூக்கிப்புடுவான் மதி. மாத்தணும்னா திருத்திய ஒப்புதல் வாங்கணும். நோட்டு போடு."

நோட்டு போட்டாள். 'பிரசவ வார்டு கழிவறைக் கதவு வெளிப்புறம் திறக்குமாறு மாற்ற அனுமதி கோரப்படுகிறது.' ரெண்டே வரி. அது போன வேகமும் தெரியவில்லை, வந்த வேகமும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவள் மேசைக்கே திரும்பி வந்தது. 'ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இப்பிழை எவ்வாறு ஏற்பட்டது என்பதற்கு விளக்கம் தரவும்.'

என்ன விளக்கம் தருவது? வேண்டுமென்றே வைத்தேன் என்று எழுதினால் செக்ஷனே மாட்டும். ஆண்டனிராஜ் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆக வேண்டியவர். கவனக்குறைவு என்று எழுதினால், குறையே இல்லாத படம் வரைந்தவள் என்று ஆபீஸ் முழுக்கப் பரவியிருந்த பேர் போகும். இந்த ரெண்டாவது காரணத்தை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. முதல் காரணத்தையே நினைத்துக்கொண்டாள். நாளைக்கு எழுதலாம் என்று ஃபைலை மேசை டிராயரில் வைத்தாள். எந்த மேசையிலும் ஃபைல் தூங்குகிறது என்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவள்தான் அவள். இந்த ஃபைல் அவள் மேசையிலேயே தூங்கிவிட்டது.

கட்டடம் எழும்பியது. உதவிப் பொறியாளர் சிவபிரகாஷ் சைட்டுக்குப் போகும்போது ஒரு தடவை இவளும் கூடப் போனாள். கான்ட்ராக்டரின் மேஸ்திரி பழனிக்குமார், பழனிப் பக்கத்து ஆள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். கழிவறையில் நிலை வைத்திருந்தார்கள். கதவு மாட்டவில்லை.

"இந்தக் கதவ வெளிய தெறக்குற மாதிரி மாட்டிருங்களேன்" என்றாள் தமிழ்மதி, என்னமோ ஞாபகம் வந்தது போல.

"மாட்டிரலாமுங்க மேடம். எழுதிக் குடுத்துருங்க. வாயில சொன்னதக் கேட்டு மாத்துனா, படத்துல இல்லாத வேலைன்னு பில்லுல அடிச்சுப்போடுவாங்க."

அவள் சிவபிரகாஷைப் பார்த்தாள். அவன் நல்ல பிள்ளைதான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம்.

"மேடம், நீங்க போட்ட நோட்டுக்கு விளக்கம் கேட்டிருக்காங்கள்ல. அதக் குடுத்துட்டீங்கன்னா ஆர்டர் வந்துரும். நான் அன்னைக்கே மாட்டச் சொல்லிர்றேன்."

"சரி, குடுத்துர்றேன்" என்றாள்.

கொடுக்கவில்லை. இதைத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கெட்டவள் இல்லை அவள். ஒவ்வொரு நாளும் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனவள்தான். ஆஸ்பத்திரியில் ஒருத்தி கழிவறைக்குப் போவதும், மயங்குவதும், சரியாக அந்தக் கதவுக்குப் பின்னால் விழுவதும் நடக்கிற காரியமா என்று ஒரு பக்கம் மனசு சமாதானம் சொல்லும். நம் வீடுகளில் எல்லாம் கதவு உள்ளேதானே திறக்கிறது என்று இன்னொரு பக்கம் சொல்லும். சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டால் மனசுக்குச் சலிப்பே கிடையாது.

திறப்பு விழாவுக்கு மாயம்மாள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வராந்தாவைத் தொட்டுப் பார்த்தாள், துணி துவைக்கிற கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "எம்மக வரைஞ்சதுத்தா, அம்புட்டும் எம்மக வரைஞ்சது" என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னாள். தமிழ்மதியின் தங்கை பானுப்ரியா அப்போது ஏழு மாசம். வளைகாப்புப் போட்டு, தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வார்டுக்குள் நடந்து, ஜன்னலோரக் கட்டில் ஒன்றைக் காட்டி, "இது எனக்குக்கா" என்றாள்.

தமிழ்மதி கழிவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பானுவத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துருமா. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிருவேன்."

"நல்லாருக்கே நாயம். நீ வரைஞ்ச ஆஸ்பத்திரி கண்ணு முன்னாடி இருக்கு, அத விட்டுட்டு அம்புட்டுத் தூரம் என்னத்துக்கு இவளத் தூக்கிட்டு அலையணும்? ஊர்ல என்ன நெனப்பாங்க?"

காரணம் சொன்னால்தான் அம்மா கேட்பாள். காரணத்தைச் சொல்ல இவளால் முடியாது. கடைசியில் கிளம்பும்போது தங்கையைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பானு, ஆஸ்பத்திரில பாத்ரூம் போனா கதவச் சாத்தாத. ஒருக்களிச்சுக்கூட வைக்காத, முழுசாத் தெறந்து போடு. அம்மாவ உள்ளயே கூட்டிட்டுப் போ."

"அய்ய, எதுக்குக்கா?"

"சொன்னாக் கேளுடி. பிள்ள பெத்த உடம்பு, தல கிறுகிறுக்கும்."

பானுப்ரியா சிரித்தாள். "சரிக்கா" என்றாள்.

பானுப்ரியாவுக்கு ஐப்பசி அடைமழையில் வலி கண்டது. பெண் குழந்தை. சுகப்பிரசவம். அதே நாளில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கும் பிறந்தது, ஆண் குழந்தை. தமிழ்மதி போனில் பேசியபோது பானுப்ரியாவின் குரல் நிறையச் சிரிப்பு. "பக்கத்துக் கட்டில் சத்யபிரியான்னு ஒரு அக்கா, சரியான வாயாடி. அவுங்க வீட்டுக்காரரு சோலமுத்து, மல்லிகத் தோட்டம் வச்சிருக்காரு. பிள்ளையப் பாக்குறதுக்கு முன்னாடி எனக்குத்தான் பூ கொண்டாந்து குடுத்தாரு" என்றாள். லீவு போட்டுவிட்டு நாளைக்கு வாரேன் என்று தமிழ்மதி சொன்னாள். போனை வைப்பதற்கு முன்னால், "நான் சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "அதெல்லாம் அம்மா விடாம வாரா. கதவும் பப்பரப்பான்னு தெறந்துதான் கெடக்கு" என்றாள் பானுப்ரியா.

மறுநாள் காலையில் தமிழ்மதி பஸ்ஸில் செம்பட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வேலங்குளம் போய்ச் சேர்ந்தபோது, அவள் வரைந்த வராந்தா முழுக்க ஜனம் நின்றது. கழிவறைக் கதவு ரெண்டாகப் பிளந்து முற்றத்தில் கிடந்தது.

அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தங்கை என்று ஒரு பதற்றம் ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பானுப்ரியா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளை பக்கத்தில் மாயம்மாளின் கையில் இருந்தது. அந்தக் கணத்தில் தமிழ்மதிக்கு வந்தது நிம்மதிதான். அதை நினைத்து நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே வெறுத்தாள்.

"அந்தக்கா புள்ள" என்றாள் பானுப்ரியா, மடியைப் பார்த்துக்கொண்டே. "காலைலேருந்து அழுகுது. நான்தான் எடுத்துக் குடுக்குறேன்."

பக்கத்துக் கட்டிலில் சத்யபிரியாவின் ஃபிளாஸ்கும் ஒரு மஞ்சப்பையும் இருந்தன. தலையணையில் நேற்றைய மல்லிகை வாடிக் கிடந்தது.

"என்னடி ஆச்சு?"

"காபி குடிச்சுட்டு பாத்ரூம் போச்சு. எங்கிட்டச் சிரிச்சுட்டுத்தான் போச்சு. செத்த நேரங்கழிச்சு தொப்புன்னு ஒரு சத்தம். ஐரின் சிஸ்டர் ஓடியாந்து கதவத் தள்ளுனாங்க, தெறக்கல. தாப்பாக்கூடப் போடலக்கா அது. அவுங்க வீட்டுக்காரரு வந்து தள்ளுனாரு. தள்ளத் தள்ள உள்ள முனகுது. கதவு அது மேலயே போய் இடிக்குது. அதுக்கப்புறம் அவருக்குத் தள்ளக் கை வரல. சத்யா, சத்யான்னு கூப்புட்டுக்கிட்டே நின்னாரு. கடப்பாரை கொண்டாந்து கதவப் பொளந்தாங்க. உள்ள எல்லாம் ரத்தம்க்கா. ஆம்புலன்ஸுல ஏத்தும்போது மூச்சு இருந்துச்சு. செம்பட்டி தாண்டலயாம்."

நர்ஸ் ஐரின் மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். படுத்திருப்பவள் முகம் தெரிகிற மாதிரி தமிழ்மதி பார்த்துப் பார்த்து வைத்த மேசை.

பானுப்ரியாவின் மடியில் பிள்ளை குடித்து முடித்துத் தூங்கிவிட்டது. அதன் வாயைத் துணியால் ஒற்றிவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்லக்கா?"

தமிழ்மதி தலையாட்டினாள்.

"தல கிறுகிறுக்கும்னுதான நீ சொன்ன. நான் அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்தக்கா என்னயக் கேலி பண்ணுச்சு, சின்னப் பிள்ளையா நீ, கதவத் தெறந்து போட்டுட்டு ஆத்தாவத் தொணைக்குக் கூட்டிட்டுப் போறன்னு. எங்கக்காதான் சொல்லுச்சுன்னேன். எதுக்குன்னு கேட்டுச்சு. தெரியாதுன்னு சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "இதுக்குத்தான்னு நீ சொல்லிருந்தா நான் அதுக்கும் சொல்லிருப்பேன்ல. பக்கத்துக் கட்டில்தானக்கா."

தமிழ்மதி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். மாயம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய மகளின் தோளைத் தடவி, "நீ என்னத்தா செய்வ, விதி" என்றாள். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை இன்னும் கூடியது.

விசாரணை வந்தது. வராமல் இருக்குமா. அதிகாரி ஒருவர் வார்டை அளந்தார், முத்திரை விழுந்த படத்தை விரித்து வைத்துக்கொண்டார், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். தமிழ்மதியின் முறை வந்தபோது அவள் டிராயரில் தூங்கிய ஃபைலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தக் கதவ நான் வேணும்னேதான் சார் அப்படி வரைஞ்சேன். யாராவது பாத்துத் திருத்துவாங்கன்னு வரைஞ்சேன். யாரும் பாக்கல. அப்புறம் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அந்தக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இத எழுதுனா உன்னோட போகுமாம்மா? கையெழுத்துப் போட்ட அத்தன பேர் தலையும் உருளும். போன உசுரு திரும்பியா வரப்போவுது? வாயால சொன்னது வாயோட போகட்டும்."

"எழுதுங்க சார்."

"போயிட்டு வாம்மா" என்றார் அவர்.

அறிக்கையில் ஒரு வரிதான் முக்கியம். கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளது. யார் மேலும் தப்பில்லை. தப்பு மட்டும் இருந்தது. கதவை வெளிப்புறம் திறக்குமாறு உடனே மாற்றவும் என்று உத்தரவு போட்டார்கள். அதற்கு விளக்கமும் கேட்கவில்லை, கூட்டமும் போடவில்லை. காலையில் கையெழுத்தாகி மத்தியானத்துக்குள் சைட்டுக்குப் போய்விட்டது. ஆண்டனிராஜ் அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும்போது அவள் மேசை அருகே வந்து நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கதவு மாட்டுகிற அன்றைக்குத் தமிழ்மதி வேலங்குளத்துக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. பழனிக்குமார் ஒரு தச்சரைக் கூட்டி வந்திருந்தார். நிலைச் சட்டத்தில் கொத்தவேண்டிய இடத்தைக் கொத்தி, கீலை இந்தப் பக்கம் மாற்றி, புதுக் கதவைத் தூக்கி மாட்டினார்கள். சாப்பாட்டு வேளை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தச்சர் கையைக் கழுவிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார்.

அப்போது சோலைமுத்து வந்தான். கையில் ஒரு துணிப்பை. மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கும் மகனின் பிறப்புச் சான்றிதழுக்கும் ஆபீசில் ஒரே ஜன்னலில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். முகத்தில் தாடி அப்பியிருந்தது. தமிழ்மதியை அவனுக்குத் தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். பிறகு மெதுவாகக் கழிவறை வரைக்கும் போனான். புதுக் கதவின் பிடியை ஒரு விரலால் இழுத்தான். அது சத்தமில்லாமல் அவன் பக்கம் திறந்துகொண்டு வந்தது. மூடினான். மறுபடியும் இழுத்தான்.

"இம்புட்டுதானா வேல?" என்று கேட்டான்.

"ஆமாண்ணே" என்றாள் தமிழ்மதி.

அவன் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். அவளுக்கு அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணே, அந்தப் பழைய கதவ உள்ள தெறக்குற மாதிரி வரைஞ்சது நான்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சேன். திருத்துறதுக்கும் எனக்கு நாள் இருந்துச்சு. திருத்தல. பானுப்ரியா என் தங்கச்சி. அவளுக்கு மட்டும் கதவச் சாத்தாதன்னு சொன்னேன். உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லணும்னு தோணல."

சோலைமுத்து கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான். அவளையே வெகுநேரம் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"உங்க தங்கச்சி எம்பிள்ளைக்குப் பால் குடுத்துச்சு" என்றான்.

பையை எடுத்துக்கொண்டு, அந்த நீள வராந்தா வழியாக, உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கிப் போனான்.